மரக்குழை பேசும் மொழி

அணிகலன் என்ற சொல்லைக் கேட்டதும் எமது மனக்கண் முன் முதலில் தோன்றுவது பொன். அதற்கு அடுத்தபடியாக முத்தும் மணியும் வெள்ளியும் வந்து நிற்கும். மரத்தை எவரும் நினைப்பதில்லை. மரம் தேருக்கும் தூணுக்கும் கட்டிலுக்கும் உரியது என்று வகுத்துவிட்டோம். அது செவியில் ஏறினால் அதனை ஏழ்மையின் அடையாளமாகவே கொள்கிறோம். ஓர் அணியின் பெருமை அதன் விலையிலே தங்கியிருக்கிறது என்ற எண்ணம் எம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

இந்த எண்ணத்தைச் சற்றே அசைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய அவா. அதற்குத் துணையாக நான் தேர்ந்துகொண்டவை போர்ணியோத் தீவின் உள்நாட்டு மக்களாகிய டயாக்கர்கள் செதுக்கி அணிந்த மரக்காதணிகள். உலகின் பெரிய நூதனசாலைகள் பலவற்றிலே, கண்ணாடிப் பேழைகளின் ஓரங்களில், பித்தளை வளையங்களுக்கும் யானைத்தந்தம் போன்ற வெண்ணிற அணிகளுக்கும் இடையில் அவை அடக்கமாக வீற்றிருக்கின்றன. பார்ப்போரின் கண் பித்தளையில் பட்டு, வெண்ணிற அணியில் தங்கி, மரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆனால் அந்த மரத்துண்டே அவை யாவற்றுக்கும் மூத்த உறவு என்பது சிறிது சிந்தித்தால் விளங்கும்.

ஒரு பெயர், பல மக்கள்

கிறீன்லாந்து, நியூகினி ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக உலகின் மூன்றாவது பெரிய தீவு போர்ணியோ. இன்று அது இந்தோனேசியா, மலேசியா, புரூணை என்ற மூன்று நாடுகளுக்கு இடையே பங்கிடப்பட்டுள்ளது. தீவின் நடுவே உயர்ந்த மலைநாடு. அங்கிருந்து றாஜாங், பாறாம், மகாக்காம், கப்புவாஸ், பாரித்தோ முதலிய பேராறுகள் நாற்றிசையும் இறங்கிக் கடலைச் சேர்கின்றன. வீதிகள் வருவதற்கு முன் இந்த ஆறுகளே வீதிகள். ஆற்றங்கரையில் உயரமான தூண்களின் மேல் எழுப்பிய நெடிய வீட்டிலே, ஒரே கூரையின் கீழ், ஓர் ஊர் முழுவதும் வாழ்ந்தது.

டயாக் என்பது தனியொரு மக்களின் பெயரன்று. தீவின் பழங்குடியினரிற் பலரைப் பிறர் ஒருசேரச் சுட்டுவதற்கு வழங்கிய பெயர் அது. இபான், பிடாயு, காயான், கென்யா, பகாவ், மொடாங், நகாஜூ, ஓட் டானும், மாஅன்யான் என்று அவர்களுள் எத்தனையோ பிரிவுகள், எத்தனையோ மொழிகள். எனவே 'டயாக் காதணி' என்று ஒரே மூச்சில் கூறுவது 'ஆசியக் காதணி' என்று கூறுவதைப் போன்றதாகும். இபான் ஆடவர் செவியின் விளிம்பைச் சுற்றிச் சிறிய பித்தளை வளையங்களை வரிசையாகக் கோத்தனர். தீவின் நடுப்பகுதியில் வாழ்ந்த காயான், கென்யா, பகாவ், மொடாங் மக்களும், சாராவாக்கின் மேட்டுநிலத்துக் கெலாபித் மக்களும் செவிமடலின் அடிப்பகுதியைத் துளைத்து நீட்டினர். மலாய் மொழியிலே 'தெலிங்கா பாஞ்சாங்', அதாவது நீண்ட காது, என்று வழங்கப்படுவது இவ்வழக்கமே.

நீண்ட காதுக்குத் தமிழிலே வடிகாது என்ற அழகிய சொல் உண்டு. காதைத் துளைத்து நீட்டுவதைக் 'காது வளர்த்தல்' என்றே எம் முன்னோர் கூறினர். பயிரையும் பிள்ளையையும் வளர்ப்பது போலக் காதையும் வளர்க்கலாம் என்று கருதிய அந்தச் சொல்லாட்சி, போர்ணியோவின் வழக்கத்தைப் புரிந்துகொள்வதற்கு எமக்குக் கிடைத்த நல்லதொரு திறவுகோல்.

செவியை வளர்த்த மரம்

குழந்தைப் பருவத்திலேயே செவிமடல் துளைக்கப்பட்டது. துளை தூர்ந்துவிடாதபடி முதலில் அதிலே செருகப்படுவது மிகச் சிறிய குச்சி. துளை ஆறியதும் சற்றுப் பெரியது. அதன்பின் அதனினும் பெரியது. இவ்வாறு ஆண்டுக் கணக்கில் துளை விரிந்தது. அவசரப்பட்டால் மடல் அறுந்துபோகும். பல ஆண்டு உழைப்பு ஒரு கணத்தில் வீணாகும். ஆகவே செவியை வளர்ப்பவருக்கு வேண்டிய முதற்பண்பு பொறுமை.

வளர்ந்த செவியை அழகுபடுத்துவதில் இரண்டு முறைகள் உள. ஒன்று பாரத்தைத் தொங்கவிடுவது. வளையங்களின் எடை மடலைக் கீழே இழுத்து ஒரு மெல்லிய தோல்வடமாக்கிவிடும். மற்றையது வட்டத் தக்கையைச் செருகுவது. இங்கே மடல் கீழே தொங்குவதில்லை. தக்கையைச் சுற்றி ஒரு சட்டம் போல அணைத்துக்கொள்கிறது. மரத்துக்கு உரிய இடம் பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையே.

மரத்தக்கை ஒன்றின் அமைப்பைக் கவனியுங்கள். அது கிணற்றுக் கப்பியைப் போன்றது. விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்திலே செவிமடலின் தோல் வந்து அமர்கிறது. முன்புற முகம் சித்திர வேலை நிறைந்தது, பின்புறம் வெறுமையானது. பெரிய வட்டம் வேண்டும், ஆனால் பாரம் கூடாது. இந்த இரண்டு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்ற வல்லது மரம். உலோகத்தில் அதே பருமனுடைய வட்டத்தை வார்த்தால் செவி தாங்காது. ஆகவே மரத்தை நாடியது வறுமையின் பொருட்டன்று. பொருளின் இயல்பை அறிந்த கைவினைஞனின் தேர்ச்சியின் பொருட்டே.

அந்தக் கைவினைஞனின் கருவியும் குறிப்பிடத்தக்கது. காயான் ஆடவர் இடுப்பில் அணியும் வாளின் உறையோடு சேர்த்து ஒரு சிறிய கத்தியையும் வைத்திருந்தனர். அலகு குறுகியது, பிடி மிக நீண்டது. பிடியின் அடியை அக்குளில் இடுக்கி, அலகைக் கைவிரல்களால் வழிநடத்தி அவர்கள் வேலை செய்தனர். பிரம்பைச் சீவுவதற்கும் மரத்தைச் செதுக்குவதற்கும் அந்த ஒரு கத்தியே. கச்சிதமான வளைவுகளும், ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் சுருள்களும் இக்கருவியினாலேயே பிறந்தன.

இன்னொன்றும் கூற வேண்டும். பித்தளை கடற்கரையிலிருந்து வந்த பொருள். வணிகரின் தோணியில் ஏறி, கைமாறிக் கைமாறி, நீர்வீழ்ச்சிகளைக் கடந்து உள்நாட்டை அடைந்த பொருள். மரமோ வீட்டின் பின்புறத்துக் காட்டிலே நின்றது. பித்தளை அணிந்தவள் தன் குடும்பத்துக்கு வெளியுலகத்தோடு இருந்த தொடர்பையும் அணிந்தாள். மரம் அணிந்தவள் தன் காட்டையே அணிந்தாள்.

அணியின் இலக்கணம்

இந்த அணிகளை வெறும் அலங்காரம் என்று கருதுவோர் அவற்றின் பாதிப் பொருளை இழந்துவிடுகின்றனர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போல இவ்வணிகளுக்கும் ஓர் இலக்கணம் இருந்தது. யார் அணியலாம், எதை அணியலாம், செவியின் எந்த இடத்தில் அணியலாம் என்பவை யாவும் வரையறுக்கப்பட்டிருந்தன.

முதலாவது, பால் வேறுபாடு. காயான் மக்களிடையே ஆடவர் செவியும் நீட்டப்பட்டது. ஆனால் பெண்களின் செவி அதனினும் நீண்டு காறையெலும்பை எட்டியது. சில வேளைகளில் அதற்கும் கீழே இறங்கியது. சாராவாக்கிலே நிருவாக அதிகாரியாகப் பணியாற்றிய சாள்ஸ் ஹோஸ், உளவியலறிஞர் வில்லியம் மக்டூகல் ஆகிய இருவரும் சேர்ந்து 1912இல் வெளியிட்ட போர்ணியோ மக்கள் பற்றிய பெருநூலிலே, ஒரு பெண் அணிந்த செப்பு வளையங்களின் எடை இரண்டு இறாத்தல் வரை செல்வதுண்டு என்று பதிவு செய்துள்ளனர்.

இரண்டாவது, வீரம். செவியின் மேற்பகுதியிலே இன்னொரு துளை. ஆடவர் அதிலே மேகச் சிறுத்தையின் கோரைப்பல்லை அணிந்தனர். மற்றொரு வகை அணி, உச்சியிலே கெட்டியான கொம்புத் தடிப்பைக் கொண்ட ஓர் இருவாய்ச்சிப் பறவையின் அத்தடிப்பிலிருந்து செதுக்கப்பட்டது. நூதனசாலைகளில் யானைத்தந்தம் போலத் தோன்றுவது இதுவே. மஞ்சள் கலந்த வெண்மையும் விளிம்பிலே செம்மையும் கொண்ட அப்பொருளில், சுருண்டு கிடக்கும் விலங்கு வடிவத்தை நுணுக்கமாகச் செதுக்கினர். இவ்வணிகள் எவர்க்கும் உரியவை அல்ல. தலைவேட்டைப் போரிலே தம்மை நிலைநாட்டிய ஆடவருக்கே உரியவை. அவை வீரப்பதக்கங்கள், அதே வேளையில் பகைவர் குடியொன்றின் கண்ணீருக்குச் சாட்சிகளுமாம். இந்த உண்மையை மறைத்துவிட்டு அவற்றின் அழகை மாத்திரம் பாடுவது நேர்மையாகாது.

மூன்றாவது, குடிநிலை. காயான் சமூகம் நான்கு படிகளை உடையது. தலைமைக் குடியினர் மாறென், அடுத்த நிலையினர் ஹிபுய், பொதுமக்கள் பன்யின், அடிமைகள் டிப்பென். எந்தச் சித்திரத்தை எந்தக் குடியினர் தம் உடைமைகளில் வைக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. முழு மனித உருவமும் சில விலங்குருவங்களும் உயர்குடியினருக்கே உரியன என்று ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு பொருளின் முகத்தைப் பார்த்தே அதன் உடைமையாளர் எந்தப் படியில் நிற்பவர் என்று அறியலாம். தக்கையின் முகம் அதன் சொந்தக்காரரின் முகத்தையும் முந்திக்கொண்டு பேசியது என்றால் மிகையாகாது.

நான்காவது, காலம். துக்க நாட்களிலே காயான் மக்கள் அணிகளைக் களைந்து மரவுரி உடுத்தினர். எப்போது அணிவது என்பதைப் போலவே எப்போது அணியாதிருப்பது என்பதும் இவ்விலக்கணத்தின் ஒரு விதியாகும். மௌனமும் மொழியின் பகுதிதானே!

ஒரே கோலம், பல பரப்பு

மரத்தக்கைகளிலும் ஏனைய செதுக்கு வேலைகளிலும் அடிக்கடி காணப்படும் உருவம் 'ஆசோ'. காயான் மொழியிலே இச்சொல்லுக்கு நாய் என்று பொருள். ஆனால் சித்திரத்தில் நாம் காண்பது வீட்டு நாயை அன்று. நீண்ட மூக்கு, விரிந்த வாய், வளைந்த கோரைப்பற்கள், உருண்ட கண், கொடியாகச் சுருண்டு செல்லும் உடல். நாயும் நாகமும் ஒன்றாய்க் கலந்த பிறவி அது. வாலைத் தொடர்ந்து சென்ற கண் இன்னொரு தலையிலே போய் முடியும். காலென்று நினைத்தது சுருளாகி மலரும். நேர்கோட்டில் நிற்க விரும்பாத இந்த உருவத்துக்கு வட்டமான தக்கையின் முகம் எவ்வளவு பொருத்தமான வீடு! தீயவற்றை அச்சுறுத்தி விலக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்று மக்கள் நம்பினர்.

இதே உருவம் தக்கையோடு நின்றுவிடவில்லை. வீட்டுச் சுவரிலும், கேடயத்திலும், வாட்பிடியிலும், இறந்தோரின் என்புகளை வைக்கும் மேடையிலும் அதுவே வருகிறது. தாய் குழந்தையை முதுகிலே சுமக்கப் பயன்படுத்தும் மரப்பலகைத் தொட்டிலிலும் மணிகளால் கோத்த அதே கோலம். அங்கே விலங்குப் பற்களும் சிப்பிகளும் சேர்த்துக் கட்டப்பட்டுக் குழந்தைக்குக் காவலாகத் தொங்கின.

இவற்றுள் என்னை மிகவும் ஈர்த்தது பச்சை குத்தும் முறை. காயான் மக்களிடையே கோலத்தை மரக்கட்டையிலே செதுக்குவோர் ஆடவர். அக்கட்டையிலே கரியைப் பூசி உடலில் ஒற்றி எடுப்பார்கள். ஒற்றிய கோட்டின் வழியே ஊசி கொண்டு குத்துவோர் பெண்கள். மரத்திலே ஆடவன் செதுக்கியதைத் தோலிலே பெண் எழுதினாள். மறுமையின் இருட்டில் அந்தப் பச்சைக்கோலம் தமக்கு விளக்காய் எரியும் என்று அப்பெண்கள் நம்பினர். ஆகவே மரமும் உடலும் அவர்களுக்குத் தொடர்பற்ற இரு பொருள்களாக இருக்கவில்லை. காட்டின் மரத்திலிருந்து புறப்பட்ட கோலம் செவியிலும் தோலிலும் வந்து குடியேறியது. செவியிற் செருகிய மரத்தக்கையை இந்தப் பின்னணியிலே வைத்துப் பார்த்தாலன்றி அதன் பொருள் நிறைவு பெறாது.

எங்கிருந்து வந்தது?

இவ்விடத்தில் எம்மவர் சிலர் ஒரு வினாவை எழுப்பக்கூடும். தென்பாண்டி நாட்டுப் பாட்டிமார் பாம்படமும் தண்டட்டியும் அணிந்து காதைத் தோளளவு வளர்த்தவர்கள் அல்லவா? குழை, தோடு, குதம்பை, தக்கை என்று காதணிக்கு எத்தனை சொற்கள் எம்மிடம் உள! மேலும் போர்ணியோவின் கிழக்கிலே, மகாக்காம் ஆற்றங்கரையில் உள்ள மூவாறா காமான் என்ற இடத்திலே, மூலவர்மன் என்னும் அரசனின் வேள்வித்தூண்கள் கிடைத்துள்ளன. அவற்றிலுள்ள வடமொழிச் சாசனங்கள் தென்னிந்தியப் பல்லவ எழுத்து மரபைச் சேர்ந்தவை, ஏறக்குறைய கி.பி. 400ஆம் ஆண்டளவின என்பது அறிஞர் கருத்து. அப்படியாயின் இவ்வழக்கமும் இங்கிருந்தே சென்றிருக்கலாமன்றோ என்று அவர்கள் கேட்பர்.

இந்த வினா எமக்கு மகிழ்ச்சி தருவது. ஆனால் மகிழ்ச்சி தருவதெல்லாம் உண்மையாகிவிடாது. தென்கிழக்காசியக் கடற்பரப்பு முழுவதும் பச்சைக்கல்லில் செய்த பழைய காதணிகள் கிடைத்துள்ளன. 2007இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, அவற்றிற் பலவற்றின் கல் தாய்வான் தீவிலிருந்து வந்தது என்று காட்டியது. பிலிப்பைன்ஸ், வியட்னாம், தாய்லாந்து ஆகியவற்றோடு போர்ணியோவின் சாராவாக்கும் அந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது. இவ்வணிகள் கி.மு. 500 அளவிலேயே பரவத் தொடங்கிவிட்டன. மூலவர்மனின் தூண்கள் நாட்டப்படுவதற்கு ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகள் முற்பட்ட காலம் அது. அதாவது அம்மக்களும் அவர்களின் கடலோடி உறவினரும் செவிக்கு அணி செய்யும் கலையை எமது சாசனங்கள் அங்கே எட்டுமுன்னரே நன்கு அறிந்திருந்தனர்.

பிறர் வீட்டிலே ஒரு நல்ல பொருளைக் கண்டதும் 'இது எங்களிடமிருந்து போனது' என்று உரிமை கொண்டாடும் பழக்கம் உலகில் பல இனத்தாரிடம் உண்டு, எம்மிடமும் உண்டு. அந்தப் பழக்கம் பிறருடைய அறிவைக் களவாடுவதற்கு ஒப்பானது. பாம்படம் அணிந்த பாட்டியும் மரத்தக்கை அணிந்த காயான் மூதாட்டியும் தாயும் மகளும் அல்லர், அயலூர்ச் சகோதரிகள். ஒருவர் காதை மற்றவர் கண்டால் இருவருக்கும் ஒன்று விளங்கியிருக்கும்: எத்தனை ஆண்டுப் பொறுமை இதற்கு வேண்டும் என்பது.

அறுக்கப்பட்ட செவிகள்

இத்தகைய மொழி எவ்வாறு மௌனமாயிற்று? அதன் வரலாறு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று.

முதலில் வீரத்தின் இலக்கணம் மாறியது. 1894இல் ஒல்லாந்தர் ஆட்சிக்கு உட்பட்ட நடுப் போர்ணியோவிலே, தும்பாங் அனோய் என்ற ஊரில், பல டயாக் குடிகளின் தலைவர்கள் கூடித் தலைவேட்டையையும் அடிமைமுறையையும் ஒழிப்பதென்று உடன்பட்டனர். 1899இல் சாராவாக்கின் பாறாம் ஆற்றுப் பகுதியிலே, மாறூடி என்ற இடத்தில், முன்னே குறிப்பிட்ட ஹோஸ் பகைக் குடிகளை ஒன்றுகூட்டிச் சமாதானம் செய்வித்தார். போருக்குப் பதிலாக அங்கே தோணிப் போட்டி நடந்தது. சிறுத்தைப் பல்லும் இருவாய்ச்சித் தடிப்பும் இனிமேல் எந்தச் செயலுக்குச் சான்றாகும்? பதக்கம் எஞ்சியது, போர் மறைந்தது. இந்த மாற்றத்துக்காக எவரும் வருந்த வேண்டியதில்லை.

அடுத்து வந்தவர்கள் சேகரிப்போர். ஒல்லாந்த வைத்தியர் நியூவென்ஹூயிஸ் 1896–97இல் தீவின் குறுக்கே பயணம் செய்து பெருந்தொகையான பொருள்களைத் திரட்டினார்; ஹோஸ் திரட்டியவை பிரித்தானிய நூதனசாலையை அடைந்தன. இவர்களின் உழைப்பின்றேல் ஈரமும் கறையானும் நிறைந்த அந்நாட்டிலே மரப்பொருள்கள் பல அழிந்தே போயிருக்கும். நன்றி கூறத்தான் வேண்டும். எனினும் செவியிலிருந்து கழன்ற தக்கை பேழைக்குள் நுழையும்போது அதன் வாக்கியம் கலைந்துவிடுகிறது. அணிந்தவர் யார், எந்தக் குடி, எந்த ஆற்றங்கரை என்ற விவரமின்றி 'டயாக், மரக்காதணி' என்ற இரு சொற்களோடு எத்தனை அணிகள் நூதனசாலைகளில் உறங்குகின்றன! சொற்களை எல்லாம் வெட்டிக் கலைத்துப் போட்டுவிட்டு அகராதி என்று பெயரிட்டது போன்ற நிலை இது.

இறுதியாகச் செவியே மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மதப்பிரசாரமும் பாடசாலையும் நகரத்துத் தொழிலும் உள்நாட்டை எட்டின. நீண்ட காது பின்தங்கிய நிலையின் அடையாளம் என்று கற்பிக்கப்பட்டது. பிள்ளைகளின் காதைத் துளைப்பதைப் பெற்றோர் நிறுத்தினர். வளர்ந்தோர் பலர் தம் நீண்ட மடல்களை அறுத்துச் சுருக்கித் தைத்துக்கொண்டனர். இருபது, முப்பது ஆண்டு வளர்த்தது சில நிமிடங்களில் தீர்ந்தது. ஆசிரியத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் இச்செய்தி என் நெஞ்சை உறுத்துகிறது. எழுத்தறிவு புகட்டச் சென்ற பாடசாலையே ஒரு பிள்ளைக்குத் தன் பாட்டியின் செவியைக் கண்டு நாணக் கற்றுக்கொடுத்தது என்றால், அந்தக் கல்வியின் கணக்கில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று யார் எழுதுவது?

ஆயினும் ஒரு தலைப்பட்சமாகப் புலம்புவதும் தகாது. இந்த அணிகளின் இலக்கணம் உயர்வு தாழ்வின் இலக்கணமுமாகும். மாறென் குடியின் மகள் அணிந்ததை டிப்பென் குடியின் மகள் அணிய முடியாது. அந்த அடிமைப் பெண்ணின் பேர்த்தி இன்று பாடசாலை சென்று தாதியாகவோ ஆசிரியையாகவோ பணியாற்றுவாளாயின், நீண்ட காது மறைந்ததற்காக அவள் கண்ணீர் வடிக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாமா? பழைமையின் அழகைப் போற்றுவோர் அந்தப் பழைமையிலே கீழ்ப்படியில் நின்றவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மறைந்தது முழுவதும் நன்மையன்று. வந்தது முழுவதும் தீமையன்று. எனினும் தன் செவியை வைத்திருப்பதா அறுப்பதா என்பதை அந்தச் செவிக்கு உரியவர் நாணமின்றி, அச்சமின்றித் தீர்மானித்திருக்க வேண்டும். அந்த உரிமை பலருக்குக் கிடைக்கவில்லை என்பதே என் மனக்குறை.

எஞ்சியிருப்பவை

இன்று நீண்ட காதுடையோர் பெரும்பாலும் முதியவர்கள். கிழக்குக் கலிமந்தானிலே சமாரிண்டா நகரத்துக்கு அண்மையில் பம்பாங் என்ற ஊர் உண்டு. உட்பகுதியின் அப்போ காயான் மேட்டுநிலத்திலிருந்து வெளியேறிய கென்யா மக்கள் அமைத்த ஊர் அது. வாரந்தோறும் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு நடனம் காட்டப்படுகிறது. நீண்ட காதுடைய மூதாட்டியரோடு நின்று படம் பிடிக்க விரும்புவோர் அதற்கு ஒரு கட்டணம் கொடுப்பர். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அந்தக் கட்டணத்தில் ஒரு நியாயம் தோன்றுகிறது. நூறாண்டுக்கு மேலாக அம்மக்களின் செவிகளைப் படம் பிடித்து நூல்களில் அச்சிட்டவர்கள் அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்?

இளையோர் விழாக்காலங்களிலே காதைத் துளையாமல், செவியின் மீது மாட்டித் தொங்கவிடும் வளையங்களை அணிந்து ஆடுகின்றனர். போலி என்று இதைத் தள்ளிவிடலாகாது. நாணம் போய்ப் பெருமிதம் திரும்பியிருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் ஆண்டுக் கணக்கில் வளர்த்த ஒன்றுக்கும் ஒரு மாலைப் பொழுதுக்கு மாட்டிக் கழற்றும் ஒன்றுக்கும் உள்ள தூரத்தையும் மறத்தல் கூடாது.

காட்டின் நிலை வேறு. அந்த இருவாய்ச்சிப் பறவை, கொம்புத் தடிப்புக்காகச் சட்டவிரோதமாக வேட்டையாடப்பட்டு, 2015இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக உலக அமைப்பினால் அறிவிக்கப்பட்டது. அதன் சர்வதேச வியாபாரம் 1975 முதலே தடைசெய்யப்பட்டுள்ளது. சாராவாக்கிலே பக்குன் அணைக்கட்டுக்காக 1990களின் இறுதியில் ஏறக்குறைய 10,000 பேர், காயான், கென்யா மக்கள் உட்பட, தம் ஆற்றங்கரைகளை விட்டுச் சுங்கை ஆசாப் என்ற குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டனர். காட்டையே அணிந்தவர்கள் என்று மேலே கூறினேன். காடும் ஆறும் கையைவிட்டுப் போனபின் அணியை மாத்திரம் காப்பாற்றுவது எவ்வாறு?

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. 2022இல் கூச்சிங் நகரத்திலே போர்ணியோப் பண்பாட்டு நூதனசாலை புதிய கட்டடத்தில் திறந்து வைக்கப்பட்டது. அந்நாட்டு மக்கள் தம் பொருள்களைத் தம் நாட்டிலேயே சென்று பார்க்கலாம். 'இது எங்கள் ஆற்றங்கரையைச் சேர்ந்தது, இதன் பெயர் இது' என்று பிள்ளைக்குச் சுட்டிக் காட்டலாம். இரு சொற் குறிப்போடு உறங்கும் தக்கைகளுக்கு முழு வாக்கியத்தை மீட்டுக் கொடுக்கக்கூடியவர்கள் அவர்களே. அதற்குக் காலம் அதிகமில்லை. இலக்கணம் அறிந்தோர் முதுமை எய்திவிட்டனர்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. போர்ணியோ தொலைவில் உள்ளது. ஆனால் அணியைச் செவியோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற பாடம் எங்கும் பொருந்துவது. ஒரு பொருளின் நிறையையும் விலையையும் எழுதிவிட்டால் அதை அறிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். அதை அணிந்தவர் யார், அணிய அனுமதிக்கப்படாதவர் யார், எந்த நாளில் அது கழற்றப்பட்டது, அதைச் செய்தவன் எந்தக் கருவியை எப்படிப் பிடித்தான் என்ற வினாக்களைக் கேட்கும்போதுதான் பொருள் வாய் திறக்கிறது. பொன் தன் விலையை உரக்கக் கூறுவதனால் இந்த வினாக்களை நாம் கேட்கத் தவறிவிடுகிறோம். மரத்துக்குச் சொல்லத்தக்க விலை இல்லை. ஆகவே அது வேறு எதையாவது கூறியாக வேண்டும். காயான் கைவினைஞன் ஒருவன் நீண்ட பிடிக் கத்தியால் செதுக்கிய மரக்குழை, விலையைத் தவிர மற்ற யாவற்றையும் கூறுகிறது. அதைக் கேட்பதற்கு எமது செவியையும் சிறிது வளர்த்துக்கொள்ள வேண்டும்.